தூதரகத்திலிருந்து சுட்டவர்களை ஏன் பிடிக்கவில்லை? லண்டனும் திரிப்போலியும் உறவை முறித்த விதம்

தலைப்பில் இருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. 1984-ல் லண்டனில் லிபியத் தூதரகத்தின் ஜன்னலிலிருந்து சுட்டு ஒரு பெண் காவலரைக் கொன்றார்கள். உள்ளே இருந்தவர்களைப் பிடிக்காமல் பிரிட்டன் விமானம் ஏற்றி அனுப்பியது ஏன் என்பது ஒன்று. இரண்டு நாடுகள் உறவை முறித்துக்கொண்டால் தூதரகக் கட்டடம், கோப்புகள், அங்கே பிழைக்கப் போன சொந்த நாட்டு மக்கள் எல்லாம் என்ன ஆவார்கள் என்பது இன்னொன்று. பிரிட்டன்–லிபியா விவகாரத்தை ஒழுங்காகப் பார்த்தாலே இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் லிபியாவின் தலைவர் கடாஃபி, வெளிநாடுகளில் இருந்த லிபியர்கள் தங்கள் தூதரகங்களைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அதன்பின் அவை ‘மக்கள் பணியகம்’ என்று பெயர் மாறின. லண்டனில் அது செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம் 5-ஆம் எண் கட்டடம். 1984 பிப்ரவரியில் ‘புரட்சி மாணவர்கள்’ என்ற குழு அதைப் பிடித்துக்கொண்டது. தூதர் யார், யார் யார் தூதரக அதிகாரிகள் என்பதைப் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்கு முறையாக அறிவிக்கும் வழக்கமே குழம்பிப் போனது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் முக்கியமாகும்.

ஏப்ரல் 17 அன்று கடாஃபிக்கு எதிரான லிபியர்கள் அந்தக் கட்டடத்துக்கு எதிரே ஆர்ப்பாட்டம் செய்தார்கள். காலை 10 மணி 18 நிமிடத்துக்கு முதல் மாடி ஜன்னலிலிருந்து கூட்டத்தை நோக்கிச் சரமாரியாகச் சுட்டார்கள். ஆர்ப்பாட்டக்காரர்கள் பலருக்குக் குண்டுக்காயம். கூட்டத்துக்கு முன்னால் காவலுக்கு நின்ற இவான் ஃப்ளெட்சர் இறந்துபோனார். வயது 25. அவருடைய போலீஸ் தொப்பி காலியான சதுக்கத்தின் தரையில் கிடந்த படம் இன்றைக்கும் பார்ப்பவர் மனதைப் பிசையும். அடுத்த 11 நாள் ஆயுதம் தாங்கிய போலீஸ் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நின்றது. உள்ளே நுழையவில்லை.

“தூதரகம் வெளிநாட்டு மண், அதனால் நுழையவில்லை” என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது தவறு. செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம் முழுக்கப் பிரிட்டிஷ் மண்தான். அங்கே நடந்த கொலை பிரிட்டிஷ் சட்டப்படி கொலைதான். சட்டம் பொருந்தும்; அதை நிறைவேற்றப் போகும் கைதான் கட்டப்பட்டிருக்கிறது. கட்டுவது தூதரக உறவுகளுக்கான 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு. தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல், தூதரகம் இருக்கும் நாட்டின் அதிகாரிகள் யாரும் தூதரகத்துக்குள் நுழையக் கூடாது. விதிவிலக்கு ஒன்றுகூட அதில் எழுதப்படவில்லை. தீப்பிடித்தாலும் அதே கதைதான். துணைத் தூதரகங்களுக்கான 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலைமை வேறு: தீ போன்ற அவசரத்தில் சம்மதம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். தூதரகத்துக்கு அப்படி ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டது மறதியால் அல்ல. ‘அவசரம்’ என்று ஒரு சொல்லை அனுமதித்தால் உலகம் முழுக்க ஒவ்வோர் அரசும் ஏதோ ஓர் அவசரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு மேல் நடைமுறைக் காரணம் ஒன்று. பிரிட்டனுக்கு லிபியத் தலைநகர் திரிப்போலியில் தூதரகம் இருந்தது. ஆலிவர் மைல்ஸ் தூதர். லண்டனில் துப்பாக்கி வெடித்த கையோடு அங்கே பிரிட்டிஷ் தூதரகத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அது தவிர எண்ணெய் வயல்களிலும் கட்டுமான வேலைகளிலும் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ்காரர்கள் லிபியாவில் இருந்தார்கள். லண்டனில் கதவை உடைத்தால் திரிப்போலியில் என்ன உடையும் என்பதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னால் நின்ற கேள்வியாக இருந்திருக்கும். தூதர்களின் பாதுகாப்பு இப்படித்தான் நிற்கிறது: உன் ஆள் என்னிடம், என் ஆள் உன்னிடம். கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்கு இந்த வாதம் எந்த ஆறுதலும் தராது என்பது உண்மை. ஆனாலும் அன்றைக்கு எடுத்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

கட்டடம், ஆள், பை என்று மூன்று தனித்தனிப் பாதுகாப்புகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் எதுவும் புரியாது. தூதரக அதிகாரியின் உடலுக்கு 29-ஆம் பிரிவு காவல்: கைது செய்யக் கூடாது. குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு 31-ஆம் பிரிவில். உள்ளே இருந்த 30 பேரில் எல்லாருக்கும் இந்த உரிமை இருந்ததா என்பது சந்தேகத்துக்குரியதுதான். முன்பு சொன்ன ‘புரட்சி மாணவர்’ குழப்பம் அங்கேதான் வந்து நிற்கிறது. உரிமை இல்லாத ஆள்கூடக் கட்டடத்துக்குள் இருக்கும் வரை கட்டடத்தின் பாதுகாப்பில் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது.

பை விஷயம் இன்னும் வேதனை தருவது. 27-ஆம் பிரிவுப்படி, தூதரகம் தன் நாட்டோடு ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளும் முத்திரையிட்ட பையைத் திறக்கவும் கூடாது, தடுத்து வைக்கவும் கூடாது. பை என்றால் தோளில் மாட்டும் பை மட்டும் அல்ல, முத்திரையிட்ட பெரிய பெட்டியும் பைதான். அலுவலக ஆவணங்களும் அலுவலகப் பொருள்களும்தான் அதில் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது, ஆனால் திறக்காமல் எப்படிச் சரிபார்ப்பது? லிபியர்கள் வெளியேறியபோதும் பைகள் திறக்கப்படாமலே போயின. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 1977-ல் லிபியா இந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஒரு நிபந்தனையோடுதான் சேர்ந்தது: தனக்குப் பலத்த சந்தேகம் வந்தால், சம்பந்தப்பட்ட தூதரகப் பிரதிநிதியின் முன்னிலையில் பையைத் திறக்கக் கேட்போம், மறுத்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவோம் என்று. ஒரு நாடு வைக்கும் நிபந்தனையை எதிர்த்தரப்பு அந்த நாட்டின் மீதே பயன்படுத்தலாம் என்பது உடன்படிக்கைச் சட்டத்தின் அடிப்படை. ஆக, லண்டனுக்கு வந்துகொண்டிருந்த லிபியப் பைகளைத் திறக்கச் சொல்லும் உரிமை பிரிட்டன் கையில் ஏற்கெனவே இருந்தது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை யாராவது எடுத்து வாசித்து, விமான நிலையத்தில் இருப்பவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். அந்த வேலை நடக்காத இடத்தில் உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இனி முறிவு. ஏப்ரல் 22 அன்று பிரிட்டன் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்து, வெளியேற 29-ஆம் தேதி நள்ளிரவு வரை கெடு கொடுத்தது. ஏன் அன்றைக்கே துரத்தவில்லை என்றால், முறிந்த பிறகும் நியாயமான கால அவகாசம் தர வேண்டும், பாதுகாப்பாக வெளியேற வசதி செய்து தர வேண்டும் என்று 39, 44-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. போர் நடந்தாலும் இது பொருந்தும். 27-ஆம் தேதி 30 பேரும் வெளியே வந்தார்கள், விசாரித்துவிட்டு விமானம் ஏற்றினார்கள். அதே நாளில் மைல்ஸும் அவர் ஊழியர்களும் திரிப்போலியிலிருந்து கிளம்பினார்கள். அதே நாளில்தான் சால்ஸ்பரி தேவாலயத்தில் இவான் ஃப்ளெட்சரின் இறுதிச் சடங்கும் நடந்தது.

கெடு முடிந்து 30-ஆம் தேதி போலீஸ் உள்ளே போனது. எந்த உரிமையில் என்று கேட்கலாம். உறவு இருக்கும்போது 22-ஆம் பிரிவு: நுழையவே கூடாது. உறவு முறிந்தபின் 45-ஆம் பிரிவு: கட்டடத்தையும் உடைமைகளையும் கோப்புகளையும் ‘மதித்துக் காக்க வேண்டும்’. சொற்கள் வேறு. மதித்துக் காப்பது என்றால் எடுத்து விழுங்கக் கூடாது, சூறையாட விடக் கூடாது என்று பொருள். சோதனையே போடக் கூடாது என்று பொருள் இல்லை என்பதே பிரிட்டன் எடுத்த நிலை. அதனால் சவூதி அரேபியத் தூதரகப் பிரதிநிதி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு சோதனை போட்டார்கள். கைத்துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கிடைத்தன, ஜன்னலிலிருந்து சுட்டதற்கான தடயமும் கிடைத்தது. கோப்புகள் மட்டும் வேறு கணக்கு. 24-ஆம் பிரிவு ‘எந்த நேரத்திலும், எங்கே இருந்தாலும்’ கோப்புகளைத் தொடக் கூடாது என்கிறது. அறையைத் துழாவலாம், அலமாரியில் இருக்கும் ஃபைலைப் புரட்டக் கூடாது.

சவூதிக்காரர் அங்கே ஏன் வந்தார்? இங்கேதான் இரண்டாவது கேள்வி தொடங்குகிறது. உறவு முறிந்ததும் ஒவ்வொரு நாடும் மூன்றாவது நாடு ஒன்றைத் தன் சார்பில் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். பாதுகாக்கும் நாடு என்பார்கள். லண்டனில் லிபியாவுக்குச் சவூதி அரேபியா, திரிப்போலியில் பிரிட்டனுக்கு இத்தாலி. 1911-லிருந்து லிபியாவைக் காலனியாக வைத்திருந்த நாடு இத்தாலி. அதன் தூதரகத்தையே லிபியா ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். இருக்கும் நாட்டின் ஒப்புதல் கட்டாயம். தூதரை அனுப்பிய நாடு யாரை வேண்டுமானாலும் விரும்பலாம், இருக்கும் நாடு ‘இவர் வேண்டாம்’ என்றால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான்.

நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது என்றால், பாதுகாக்கும் நாட்டின் தூதரகத்துக்குள் ‘நலன்கள் பிரிவு’ என்று ஒன்று திறக்கும். பேர்ப்பலகையில் ‘இத்தாலியத் தூதரகம், பிரிட்டிஷ் நலன்கள் பிரிவு’ என்று வரும். சொந்தக் கொடி பறக்காது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் பெரும்பாலும் பாதுகாப்புக் கேட்ட நாட்டின் ஆளாகவே இருப்பார், ஆனால் காகிதத்தில் பாதுகாக்கும் நாட்டின் தூதரக ஊழியர். எத்தனை பேர், என்ன வேலை, ரகசியத் தகவல் தொடர்புக் கருவி வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் முன்கூட்டிப் பேசி முடிக்க வேண்டியவை. செலவு, பாதுகாப்புக் கேட்ட நாட்டின் தலையில். பழைய காலத்தில் எல்லாவற்றையும் மூன்றாம் நாட்டுக்காரரே செய்தார். சொந்த ஆளையே உட்கார வைக்கும் இந்த ஏற்பாடு பரவத் தொடங்கியது 1965-ல். மேற்கு ஜெர்மனி இஸ்ரேலை அங்கீகரித்ததால் எகிப்து, அல்ஜீரியா உட்படப் பல அரபு நாடுகள் அதனோடு உறவை முறித்தன; அதே ஆண்டு டிசம்பரில், வெள்ளையர் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்த ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே) விவகாரத்தில் எகிப்தும் அல்ஜீரியாவும் பிரிட்டனோடு முறித்தன. கோபத்தைக் காட்டியாக வேண்டும், வேலையும் நடந்தாக வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுத்தது இந்த ஏற்பாடு.

தூதரகத்தை மூடும் அந்தக் கடைசி நாட்களின் வேலையை வெளியில் இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முதலில் அழிய வேண்டியவை ரகசியக் குறியீட்டுக் கருவிகளும் கோப்புகளும். அடுத்து வெற்றுப் பாஸ்போர்ட்டுகள், விசா ஸ்டிக்கர்கள், ரப்பர் முத்திரைகள். ஒவ்வொன்றையும் வரிசை எண் பார்த்து எண்ணி, எடுத்துப் போவது எது, அழிப்பது எது என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பது வெற்றுப் பாஸ்போர்ட் காணாமல் போனால் அடுத்த பத்து வருடத்துக்குத் தலைவலி. பிறகு அறை அறையாகச் சாமான் பட்டியல், இரண்டு பிரதி, ஒன்று பாதுகாக்கும் நாட்டுக்கு. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று அட்டை கட்டிக் கொடுக்க வேண்டும். கார்கள், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், உள்ளூர் ஊழியரின் சம்பள பாக்கி. இந்தக் கடைசி விஷயத்தில்தான் அநியாயம் அதிகம் நடக்கிறது. உள்ளூர் ஓட்டுநருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் விலக்குரிமை ஏறக்குறைய எதுவும் கிடையாது. தூதர் விமானம் ஏறிவிடுவார், அவர்கள் அதே ஊரில் அதே போலீஸின் கண்முன்னே வாழ வேண்டும்.

எல்லாவற்றையும் விட அவசரமாகக் கைமாற வேண்டியது ஒரு மெல்லிய ஃபைல்: சிறையில் இருப்பவர்கள், மருத்துவமனையில் கிடப்பவர்கள், பெற்றோரிடையே வழக்கில் மாட்டியிருக்கும் குழந்தைகள், ஊருக்கு அனுப்பக் காத்திருக்கும் சடலங்கள். பெயர், பிறந்த தேதி, எந்தச் சிறை, கடைசியாக எப்போது பார்த்தோம், குடும்பத்தின் தொலைபேசி எண். இதில் வழக்கமாக வரும் கோளாறு குடிமக்கள் பதிவேடு பழசாக இருப்பது. ஊருக்குப் போனவர் பெயரை நீக்கியிருக்க மாட்டார், புதிதாக வந்தவர் பதிந்திருக்க மாட்டார். இரட்டைக் குடியுரிமைக்காரர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. அவர் வாழும் நாடு ‘இவர் எங்கள் குடிமகன்’ என்று சொல்லிவிட்டால், பாதுகாக்கும் நாட்டுக்காரர் சிறை வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

பாதுகாக்கும் நாட்டால் கடிதம் கொண்டுபோக முடியும், சந்திக்க அனுமதி கேட்க முடியும். அழுத்தம் கொடுக்க முடியாது. 1984 முறிவுக்குப் பின் லிபியாவில் பிடித்து வைக்கப்பட்ட பிரிட்டிஷ்காரர்களில் நான்கு பேர் 1985 பிப்ரவரியில் வெளியே வந்தது கான்டர்பரி பேராயரின் தூதராகப் போன டெர்ரி வெய்ட் நேரில் பேசியதால். தூதரகம் இல்லாத இடத்தில் யார் போய் நிற்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

முறிவு என்பது கடைசிப் படி என்பதையும் சொல்ல வேண்டும். செய்திகளில் ‘தூதர் திரும்ப அழைக்கப்பட்டார்’ என்றதுமே உறவு போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். மொரோக்கோ உரிமை கோரும் மேற்கு சகாரா விஷயத்தில் ஸ்பெயின் மொரோக்கோவின் திட்டத்தை ஆதரித்ததால் 2022 மார்ச்சில் அல்ஜீரியா மாட்ரிட்டிலிருந்து தன் தூதரை ‘ஆலோசனைக்காக’ அழைத்துக்கொண்டது. புதுத் தூதர் வந்தது 2023 நவம்பரில். இடையில் ஏறக்குறைய 20 மாதம் தூதரகம் திறந்தே இருந்தது. அடுத்த நிலை அதிகாரி பொறுப்பில் பாஸ்போர்ட் கொடுத்தார்கள், எரிவாயுவும் கடலடிக் குழாயில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த படி வெளியேற்றம். 2025 ஏப்ரலில் அல்ஜீரியா 12 பிரெஞ்சு அதிகாரிகளுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. பிரான்ஸ் பதிலுக்கு 12 பேரை வெளியேற்றி, தன் தூதரையும் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டது. எண்ணிக்கை சரியாக ஒத்துப்போவது தற்செயல் இல்லை, கூடக் குறைய இருந்தால் அதுவே ஒரு செய்தியாகிவிடும்.

அந்தச் சண்டையைக் கிளப்பியது எது தெரியுமா? ஒரு கடத்தல் வழக்கில் அல்ஜீரியத் துணைத் தூதரக ஊழியர் ஒருவரைப் பிரான்ஸ் கைது செய்தது. தூதரக அதிகாரியாக இருந்திருந்தால் தொட்டிருக்கவே முடியாது. துணைத் தூதரகக்காரர்களுக்கு அலுவல் தொடர்பான செயல்களுக்கு மட்டும்தான் விலக்கு. கடுங்குற்றம் என்றால், நீதிமன்ற உத்தரவோடு, அதிகாரியைக்கூடக் கைது செய்யலாம் என்று 1963 உடன்படிக்கை 41-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ‘தூதரக ஊழியர்’ என்று ஒரே சொல்லில் எழுதும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. இன்னொன்று: தூதரக உறவு முறிந்தாலே துணைத் தூதரக உறவு தானாக முறிவதில்லை. அதையும் முறிப்பதென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

மறுபடி ஒட்டுவதற்கு லண்டனுக்கும் திரிப்போலிக்கும் 15 வருடம் ஆனது. இடையில் 1988-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே விமானக் குண்டுவெடிப்பு. 1999 ஏப்ரலில் அந்த வழக்கின் சந்தேகநபர்கள் இருவரை லிபியா நெதர்லாந்தில் ஒப்படைத்த பின்னரே பேச்சு முன்னேறியது. ஜூலை 7 அன்று உறவு மீண்டது. லிபியா சுட்ட ஆளின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததற்குப் பொதுப் பொறுப்பை ஏற்று, குடும்பத்துக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்தச் சொற்றொடருக்காகவே நீண்ட பேரம் நடந்திருக்கும் என்பது படித்தாலே தெரிகிறது. பிறகு வழக்கமான வரிசை: புதுத் தூதரின் பெயரை ரகசியமாக அனுப்பி ஒப்புதல் கேட்பது, (மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை), ஒப்புதல் வந்தபின் அறிவிப்பது, நம்பிக்கைச் சான்றுகளை (நியமனக் கடிதத்தை) ஒப்படைப்பது.

பிரிட்டன் தன் சட்டத்தையும் திருத்தியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கட்டடம் தூதரகம் ஆக வேண்டுமானால் வெளியுறவு அமைச்சரின் சம்மதம் வேண்டும். பலகை மாட்டிவிட்டால் தூதரகம் ஆகிவிடாது. நல்ல மாற்றம். ஆனால் உள்ளே நுழையும் உரிமையை அது தரவில்லை, உடன்படிக்கை இருக்கும் வரை தரவும் முடியாது.

அதன்பின் உறவு முறியாமலே தூதரகம் மூடும் நிலை இரண்டு முறை வந்தது. 2011 பிப்ரவரியில் பிரிட்டன் திரிப்போலி அலுவலகத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்றியது. மே 1 அன்று அங்கே பிரிட்டிஷ் கட்டடங்களை ஒரு கும்பல் தாக்கியதும், காக்கத் தவறிய குற்றத்துக்காக லண்டனில் இருந்த லிபியத் தூதருக்கு 24 மணி நேரக் கெடு. ஜூலை 27-ல் கடாஃபிக்கு எதிராகக் கிளர்ந்தவர்களின் இடைக்கால சபையையே லிபியாவின் அரசாக அங்கீகரித்து, கடாஃபி அரசின் மிச்ச அதிகாரிகளை வெளியேற்றியது. நாடு அதேதான், அதன் பேரில் கதவைத் திறக்கும் ஆள் மாறிவிட்டார். 2014 ஆகஸ்டில் சண்டை மூண்டதால் தூதரகம் மறுபடி நிறுத்தப்பட்டு, வேலை அண்டை நாடான துனிசியாவின் துனிஸிலிருந்து நடந்தது. திரிப்போலியில் மீண்டும் திறந்தது 2022 ஜூனில்.

யாராவது தண்டிக்கப்பட்டார்களா என்ற கேள்வியும் எழும். கொலைக்காகக் குற்றவியல் நீதிமன்றத்தில் யாரும் நிறுத்தப்படவில்லை. பின்னாளில் பிரிட்டனில் கைதான ஒருவர் மீதான விசாரணையும், தேசியப் பாதுகாப்புக்காகச் சில ஆதாரங்களை வெளியிட முடியாது என்று 2017-ல் கைவிடப்பட்டது. அன்று சதுக்கத்தில் இவானோடு பணியில் நின்ற சக காவலர் ஒருவர் சிவில் வழக்குப் போட்டார். 2021 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் முன்பு கைதான அதே நபர் கொலைக்குக் கூட்டுப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. வழக்கில் கேட்கப்பட்ட இழப்பீடு ஒரு பவுண்டு.